நூல் கட்டிய கால்

என் கைகள் எப்போதும் சூடாகவே இருக்கும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் குளிரூட்டி ஓடி, மற்றவர்களின் விரல்கள் விறைத்துக் கிடக்கும்போதும் என் கையில் சூடு குறையாது. நோயாளிகளுக்கு அது பிடிக்கும். ஊசிக்குப் பயந்து கிடக்கிறவரின் காலில் குளிர்ந்த கை பட்டால் மனிதர் அரை உயிராகிவிடுவார். பேணாட் டொக்டரின் கை பட்டாலே பாதி வலி போய்விடும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு கதை உண்டு. அதைப் பரப்பியதில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

முடிந்துபோன விசாரணையை இவன் ஏன் திரும்பக் கிளறுகிறான் என்று விசாரணை அதிகாரியான நீங்கள் பார்ப்பது தெரிகிறது, மேடம். சல்லி ஊர்ச் சோமசேகரத்தின் காலைப் பற்றிய விசாரணை முடிந்தது உண்மைதான். ஆனால் அதில் நான் சொன்னவை போதாது. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்கும் இல்லையென்றால் அந்த யன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கள், துறைமுகக் காற்று வரட்டும்.

நான் மயக்க மருந்து வைத்தியன். ஆனால் என் கெட்டித்தனம் ஆளை மயக்காமல் விடுவதில்தான் இருக்கிறது. பாதத்திலோ கணுக்காலிலோ சத்திரசிகிச்சை என்றால் முழு ஆளையும் தூங்க வைக்கத் தேவையில்லை. முழங்காலுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் ஒரு பெரிய நரம்பு இறங்குகிறது. ஸ்கான் திரையில் அதைப் பார்த்து, அதைச் சுற்றி மருந்தை விட்டு, உள்பக்கமாக ஓடும் சின்ன நரம்புக்கும் கொஞ்சம் கொடுத்தால் பாதம் முழுதும் விறைத்துவிடும். ஆள் விழித்தபடி கதைத்துக்கொண்டு கிடக்கலாம். குசினிக் குழாய் ஒழுகினால் ஊருக்கே தண்ணீரை நிறுத்த வேண்டாம், அந்தக் குழாய்க்குப் போகிற வால்வை மூடினால் போதும் என்று நோயாளிகளுக்கு விளக்குவேன். இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த ஊசி பெரிய உதவி. இதை எங்கள் ஆஸ்பத்திரியில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவன் நான்.

எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் குலசிங்கத்துக்கு என் ஊசியில் நம்பிக்கை இல்லை. விறைக்கும்வரை அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். காத்திருப்பது அந்த மனிதருக்கு ஆகாது.

"பேணாட், உம்மட ஊசி வேலை செய்யிறதுக்குள்ள நான் கண்டிக்குப் போட்டு வந்திடுவன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய், பாலையூற்றில் என் அறைக்குள் இருந்துகொண்டு, திருப்பிச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை ஒவ்வொன்றாக யோசிப்பேன். இது சின்ன விஷயம். சின்ன விஷயம் என்பதால்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சோமசேகரம் எங்களிடம் வந்தது போன வருஷம், சோளகக் காற்று அடங்கிய நேரத்தில். முன்பு கடலுக்குப் போனவர், பிறகு சைக்கிளில் பெட்டி கட்டி ஊர் ஊராக மீன் விற்றவர். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு நோய் இரண்டு பாதங்களையும் பிடித்திருந்தது. வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே கறுத்த புண். பார்க்கத்தான் பயங்கரம், உண்மையில் அது ஆறிக்கொண்டு வந்தது. இடது பாதத்தில் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது, உள்ளே எலும்பு அழுகியிருந்தது. இடது பாதத்தைக் கணுக்காலோடு எடுக்க வேண்டும், வலதைக் காப்பாற்றலாம் என்று முடிவானது.

"ஒரு காலும் ஒரு பொய்க்காலும் இருந்தா நீங்கள் திரும்ப சைக்கிள் ஓடலாம்" என்று குலசிங்கம் அவருக்குச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மனிதர் சம்மதித்தார். இதயமும் பலவீனம் என்பதால் முழு மயக்கம் வேண்டாம், என் ஊசியே சரி என்று நான் வாதாடினேன். குலசிங்கம் முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

வெட்டுகிற காலில் நீல மையால் அம்புக்குறி போடுவது வழக்கம். குலசிங்கம் அதைத் தோலில் போடமாட்டார். கட்டை அவிழ்க்கும்வரை நிற்கப் பொறுமையில்லாமல், கட்டின் மேலேயே கீறிவிட்டுப் போவார். அன்று காலை வார்டில் இரண்டு கால்களுக்கும் புதிதாகக் கட்டுப் போட்டார்கள். அம்புக்குறி பழைய துணியோடு வாளிக்குள் போனது.

மிஞ்சிய அடையாளம் ஒரு நூல். அவருடைய மனைவி புஸ்பராணி சல்லி முத்துமாரியம்மன் கோயிலில் வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் பூசி, வெட்டப்போகிற இடது காலில் கட்டுக்கு மேலே கட்டியிருந்தார். புதிய கட்டுப் போடும்போது தாதி அதை அவிழ்க்கச் சொல்ல, அவிழ்த்து மடியில் வைத்திருந்து, பிறகு மீண்டும் அதே காலில் கட்டினார். கை நடுங்கி முடிச்சு விழாமல் இரண்டு மூன்று தடவை முயன்றார். நான் வார்டுக்குப் போயிருந்தபோது அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நூல் இருக்கிற கால் என்று மனதுக்குள் பதித்துக்கொண்டேன். இந்த இடத்தை நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

ஊசி போடுவதற்கு எங்களிடம் ஒரு பக்க அறை இருக்கிறது. அங்கே அவரைக் கொண்டுவந்ததும், தாதி ரிஸ்னா போர்வை எடுக்கப் போனார். வெட்டப்போகிற காலில் நூல் இருக்கக்கூடாது, கழுவித் துடைத்து மருந்து பூசுகிற இடம். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். சோமசேகரம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டொக்டர், அது அம்மன்ர நூல். அது இல்லாம எனக்கு உள்ளுக்கு வர ஏலாது."

நான் கத்தோலிக்கன், ஆனால் அந்தப் பிடியில் இருந்த பயம் எனக்கு விளங்கியது. வெட்டாமல், முடிச்சை மெதுவாக அவிழ்த்து, அதே நூலை அவருடைய வலது காலில் கட்டிவிட்டேன். "அம்மனுக்கு எந்தக் காலெண்டாலும் ஒண்டுதானே, ஐயா" என்றேன். அவர் சிரித்தார். என் கை நல்ல சூடு என்றும் சொன்னார். எனக்கு என்மீது மிகவும் பிரியமாக இருந்தது. நூலை மாற்றியதை வேறு யாரும் பார்க்கவில்லை.

ஊசிக்கு முன் கொஞ்சம் தூக்க மருந்து கொடுப்பது என் வழக்கம். அதைக் கொடுத்தால் ஆட்கள் கதைப்பார்கள், கேட்டால் பதில் சொல்வார்கள், ஆனால் அடுத்த நாள் ஒன்றும் நினைவில் இருக்காது. அதைக் கொடுத்து, அவரைக் குப்புறப் படுக்க வைத்தோம். அந்த நேரம் பக்கத்துக் கூடத்தில் ஒரு பிள்ளைக்கு மூச்சு எடுப்பதில் சிக்கல் என்று என்னை அழைத்தார்கள். போய்ச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தேன். மேசையில் இரண்டு வெள்ளைக் கட்டுகள். குப்புறக் கிடக்கிற ஆளின் இடமும் வலமும் கண்ணுக்கு உடனே பிடிபடாது. ஒரு காலில் மஞ்சள் நூல். காலையில் மனதில் பதித்தது அப்படியே வெளியே வந்தது. நான் அந்தக் காலைத் துடைத்து ஊசியை ஏற்றினேன்.

அது நல்ல ஊசி. நரம்பைச் சுற்றி மருந்து வளையமாகப் பரவுவது திரையில் தெளிவாகத் தெரிந்தது. ரிஸ்னா கூடத்தைத் தயார்செய்யப் போயிருந்தார். அப்போதுதான் அவர் முகத்தைத் தலையணையிலிருந்து திருப்பி, நிதானமாகக் கேட்டார்.

"டொக்டர், இது என்ர நல்ல கால் எல்லோ? வெட்டுறது மற்றதை எண்டுதானே சொன்னவை?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சந்தேகம் ஏதும் வந்ததா என்று முந்தைய விசாரணையில் கேட்டபோது இல்லை என்றேன். அது ஒருவகையில் உண்மை. சந்தேகம் இல்லை. நூலை மாற்றிக் கட்டிய என் விரல்கள் என் கண்முன்னே இருந்தன.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை. அவருடைய இதயம் தாங்கக்கூடிய மருந்து முழுவதையும் கொடுத்துவிட்டேன், மற்றக் காலுக்கு அன்றைக்கு ஊசி போட முடியாது. நாளைக்குச் செய்வோம் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் ஒரு பிளேன்ரீ குடித்து, ஒரு பணிசும் சாப்பிட்டுவிட்டு வார்டில் படுத்திருப்பார். நான் குலசிங்கத்திடம் போய், பிழையான காலை விறைக்க வைத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்த வசனத்தை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். அவர் என்ன சொல்லுவார், யார் யார் சிரிப்பார்கள் என்பதும் உடனே காதில் கேட்டது. வருகிற வருஷம்வரை அந்தச் சிரிப்பு ஓயாது என்றும் தெரிந்தது.

"குப்புறக் கிடக்கேக்க எல்லாருக்கும் இடம் வலம் மாறித்தான் தெரியும், ஐயா" என்றேன்.

"அப்பிடியே?" என்றார். என்னை நம்பினார். கன்னத்தைத் திரும்பவும் தலையணையில் வைத்துக்கொண்டார்.

கால் விறைக்கும்வரை அவருக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். சொல்லிவிடலாம் என்று பலமுறை எழுந்தேன். எழுந்து, திரைச்சீலையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பவும் கதிரையில் இருந்தேன். குலசிங்கம் கதவால் தலையை நீட்டி, "என்ன பேணாட், கால் நித்திரையாப் போச்சோ?" என்றார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். "நித்திரை, டொக்டர்" என்றேன். சோமசேகரத்தை நிமிர்த்திப் படுக்க வைத்த பிறகு, தூக்க மருந்தை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். அவருடைய பதற்றத்தைக் குறைக்க என்று குறித்தேன். அவருக்குப் பதற்றம் இருக்கவில்லை.

வெட்டுவதற்கு முன் எந்தக் கால் என்பதை நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும், சத்திரசிகிச்சை நிபுணர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்பது விதி. குலசிங்கம் அந்த நேரத்தில் எப்போதும் வெளியே கை கழுவிக்கொண்டு நிற்பார். சோமசேகரம் தூங்கிக்கொண்டிருந்தார். ரிஸ்னா சம்மதப் பத்திரத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டொக்டர், இதில இடது எண்டு கிடக்கு."

"காலமை றவுண்டில மாத்தினவை, மிஸி. நூலைப் பாருங்கோ, வீட்டுக்காறரே அடையாளம் கட்டி விட்டிருக்கினம்."

ரிஸ்னா அனுபவமுள்ள தாதி. ஆனால் நான் வைத்தியன், அதுவும் கோபப்படாத வைத்தியன் என்று பெயரெடுத்தவன். நூலை அவிழ்த்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்தார். கட்டைப் பிரித்தபோது கறுத்த புண் தெரிந்தது. பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் ஒரு சான்று தேவைப்படவில்லை. கை கழுவி வந்த குலசிங்கமும் பத்திரத்தைத் திரும்பப் பார்க்காமல், ஆயத்தமாகக் கிடந்த காலில் வேலையைத் தொடங்கினார்.

இடையில் குலசிங்கம் ஒருமுறை கையை நிறுத்தினார். "எலும்பு நல்ல வெள்ளையா இருக்குதே" என்றார். அப்போது பாதத்தில் பாதிதான் பிரிந்திருந்தது. "வருத்தம் மேல ஏறேல்லைப் போல, டொக்டர். நல்லதுதானே" என்றேன். வைத்திய முறைப்படி பார்த்தால் பிழை சொல்ல முடியாத வசனம். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

அடுத்த நாள் காலை இடது காலின் கட்டை மாற்றும்போது விஷயம் வெளியே வந்தது. புஸ்பராணி போட்ட சத்தம் கீழே வாகனங்கள் நிற்கும் இடம்வரை கேட்டது. குலசிங்கம் வார்டுக்கு ஓடினார். நான் நடந்து போனேன்.

விசாரணையில் ரிஸ்னா, டொக்டர்தான் வலது கால் என்று சொன்னவர் என்றார். நூல் வலது காலில் இருந்தது, அதைப் பார்த்துத்தான் சொன்னேன் என்றேன் நான். நூல் அந்தக் காலுக்கு எப்படி வந்தது என்று கேட்டார்கள். காலையில் அவிழ்த்துத் திரும்பக் கட்டும்போது மனைவி பதற்றத்தில் மாற்றிக் கட்டியிருக்கலாம் என்றேன். கை நடுங்கியதை நானே கண்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அது உண்மை. உண்மையும் கலந்திருந்ததால் சொல்வது சுலபமாக இருந்தது.

புஸ்பராணியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முதலில் இடது காலில்தான் கட்டினேன் என்று உறுதியாகச் சொன்னார். நூல் வலது காலில் இருந்ததாக இரண்டு பேர் சொல்கிறார்களே அம்மா என்று மரியாதையாகக் கேட்டதும் தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"அப்ப நான்தான் மாத்திக் கட்டிப்போட்டன் போல. அண்டைக்கு எனக்குக் கண்ணும் தெரியேல்லை, கையும் நிக்கேல்லை. என்ர கைதான் ஐயா, நான்தான் கட்டினனான்."

நான் அதே அறையில், அவருக்கு எதிரே இருந்தேன். அவருக்கு வேலை போகாது, பெயர் கெடாது, மனைவிமேல் யாரும் வழக்குப் போடமாட்டார்கள் என்று யோசித்தேன். இதைவிடக் குறைந்த சேதத்தோடு இந்த விஷயம் முடியாது என்று நினைத்தேன். நான் நினைத்ததை அப்படியே சொல்கிறேன், மேடம். அழகுபடுத்தவில்லை.

குலசிங்கம் யாரையும் குறை சொல்லவில்லை. "கத்தி என்ர கையில இருந்தது" என்றார். அதோடு வேலையை விட்டுப் போய்விட்டார். எவருடைய ஏளனத்துக்குப் பயந்து நான் இதைச் செய்தேனோ, அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. எங்கள் பட்டணத்து வீதிகளில் திரிகிற மான்களைக் கண்டு வாகனத்தை நிறுத்தினால்கூட அவருடைய ஞாபகம் வருகிறது. அவர் மான்களுக்கு மட்டும் பொறுமையாகக் காத்து நிற்பார்.

இடது கால் கிடந்து அழுகியது. கொஞ்ச நாளில் அதையும் எடுக்க வேண்டி வந்தது. வெளியிலிருந்து வேறொரு நிபுணர் வந்தார். ஊசிக்கு என்னைத்தான் வேண்டும் என்று சோமசேகரம் கேட்டிருந்தார். "உங்கட கைதான் டொக்டர் எனக்கு நல்லம். போன தரம் எனக்கு ஒண்டுமே தெரியேல்லை" என்றார். என்னிடம் கேட்டதும், நான் பதில் சொன்னதும் எதுவும் அவருக்கு நினைவில்லை. நான் அவரைக் குப்புறப் படுக்க வைத்து, மிகவும் கவனமாகச் சரியான காலில் ஊசி போட்டேன். அன்றைக்குக் காலில் நூல் இல்லை.

பாலையூற்றுத் தேவாலயத்தில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். வேலையில் கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்று சொன்னேன். சில தடவை 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். கவனக்குறைவுக்கு அது போதும்தான்.

போன கிழமை சல்லிக்குப் போனேன். ஒரு வைத்தியனாகப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன், அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். வாசலில் சைக்கிள் நின்றது, பெட்டி அப்படியே கட்டியிருந்தது. சோமசேகரம் சக்கரக் கதிரையில் இருந்தபடி, காய்கிற கருவாட்டுக்கு வருகிற காகங்களைக் கலைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளாலும் கும்பிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் அருள்மலர் அவருக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். புஸ்பராணி வீட்டில்தான் இருந்தார். ஏன் அவர் கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை, சோமசேகரமே சொன்னார்.

"அவ இப்ப என்ர சாப்பாட்டில கை வைக்கமாட்டா, டொக்டர். கோயிலுக்கும் போறேல்லை. நான் எவ்வளவு சொல்லிப் பாத்திட்டன். பரவாயில்லை, பிழை எல்லாருக்கும் வாறதுதானே எண்டன். கேக்கிறா இல்லை."

அவர் மனைவியை மன்னித்திருந்தார், மேடம். செய்யாத ஒன்றுக்காக.

நான் புறப்படும்போது புஸ்பராணி வேலிப் படலைவரை வந்தார். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தார். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"டொக்டர், நீங்கள் போடுற ஊசி கைக்கும் இருக்கோ?"

இருக்கிறது, தோளடியில் போடுவது என்றேன்.

"அது விறைச்சபடியே இருக்குமோ? திரும்ப உணர்ச்சி வராமல்?"

இல்லை அக்கா, ஒரு நாளில் எல்லாம் பழையபடி வந்துவிடும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஏமாற்றமாக இருந்தது அவர் முகம். வாகனத்தில் ஏறினேன். உப்புவெளி தாண்டும்வரை எனக்கு எதுவும் தோன்றவில்லை. பிறகு ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் இருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு வெட்கமாக இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. உடம்பு முழுவதும் வெட்கமாக இருந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நூலை மாற்றிக் கட்டியவன் நான். புஸ்பராணி சரியான காலில்தான் கட்டினார், இரண்டு தரமும். இது நல்ல கால் என்று சோமசேகரம் என்னிடம் சொன்னார். அது உண்மையென்று தெரிந்துகொண்டே அவரைத் தூங்க வைத்தேன். ரிஸ்னாவிடம் பொய் சொன்னேன். குலசிங்கம் கையை நிறுத்தியபோது அவரைத் தொடர வைத்தேன். இதெல்லாம் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதற்காக.

நீங்களே போய் அவர்களிடம் சொல்லுங்கள். நான் வரவில்லை. என்னைக் கண்டால் அவர் திரும்பவும் கும்பிட்டுவிடுவார், அதைப் பார்க்க எனக்கு ஏலாது. புஸ்பராணிக்கு முதலில் சொல்லுங்கள், இன்றைக்கே சொன்னால் நல்லது.

சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். மறந்துவிடுவீர்கள் என்பதற்காகத்தான் கடைசியில் சொல்கிறேன். இரண்டு தரமும் சோமசேகரத்துக்குக் கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அந்த விஷயத்தில் நான் மிகவும் கவனமாக இருந்தேன்.